கூராங் மானிஸ் ஆயுசு

வாடா பேராண்டி, உட்காரு. எஃபிங்காம் தோட்டத்துக் கித்தா மரத்தை வெட்டிட்டு எழுப்புன ஊரு இந்தப் பெட்டாலிங் ஜெயா. மரம் போச்சு, மாமாக் கடை வந்துச்சு. கையில கட்டியிருக்கியே கடிகாரம், எத்தனை அடி நடந்தேன்னு சொல்லுமாமே? காடியில இருந்து நாலு அடி நடந்து வந்து ரெண்டு ரொட்டி சானாய் கேட்டியே, அதையும் எழுதிக்கிச்சா?

நாடு சுதந்திரம் வாங்குன மெர்டேக்கா வருசம் 1957-ல ஆம்பளைக்குச் சராசரி ஆயுசு 56-ன்னு சொன்ன. எனக்கு 78. தாத்தா 22 வருசமா டிக்கெட் இல்லாம பஸ்ல வர்றாருன்னு சிரிக்கிற. சிரி. பல்கலைக்கழகம் போயி கணக்குப் படிச்ச லட்சணம்!

தோட்டத்துக் கணக்கைக் கேளு. ஒரு லயத்துல ரெண்டு பொறப்பு. ஒண்ணு பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருச்சு. இன்னொண்ணு 80 வரைக்கும் இருந்து மருமகளை வதைச்சிட்டுப் போச்சு. சராசரி 40. நாப்பதுல செத்தவன் எவன்டா? ஒருத்தனும் இல்ல. அந்தக் குழந்தையும் பிழைச்சு 80 வரைக்கும் இருந்திருந்தா சராசரி ஒரே தாவுல 80. அதை விட்டுட்டுக் கிழத்துக்கு வைத்தியம் பார்த்து 84 வரைக்கும் இழுத்திருந்தா, ஏறியிருக்கிறது 2 வருசம்தான். 1957-ல பொறந்த ஆயிரத்துல 75 குழந்தைங்க மொத வயசையே தாண்டல. இன்னிக்கு அது பத்துக்கும் கீழ. நாட்டோட ஆயுசு இப்ப 75-ஐத் தொட்டு நிக்குதுன்னா, அதுல ஒரு நல்ல பங்கு தொட்டில்ல சேர்த்த காசு.

அதுக்கும் முந்தின கதை கிள்ளான்ல. 1901-ல சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தாங்க. திறந்த கையோட மலேரியா வந்து, கூலி, கிராணி, துரைன்னு பேதம் பார்க்காம படுக்க வச்சுது. கிள்ளானும் துறைமுகமும் சேர்ந்து அந்த வருசம் எல்லா நோயாலயும் 582 சாவு. அங்க மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர். கொசுவாலதான் மலேரியான்னு ராஸ் துரை கண்டுபிடிச்சு நாலு வருசம்தான் ஆகியிருந்துச்சு. வாட்சன் அதை நம்பினாரு. காட்டை வெட்ட வச்சு, சதுப்பு நிலத்துத் தண்ணி வடிய வாய்க்கால் தோண்ட வச்சாரு. மறு வருசம் 144 சாவு. ஊசி இல்ல, ஆபரேஷன் இல்ல. வாய்க்கால்டா!

இப்ப மனுசன்கிட்ட இருந்து மனுசனுக்குக் கொசு கடத்துற உள்ளூர் மலேரியா 2018-ல இருந்து நம்ம நாட்டுல இல்ல. மிச்சம் இருக்கிறது குரங்கு மலேரியாதான். எமனுக்கு என்ன, வேலையா போயிரும்? கொசு வாகனத்தை வித்துட்டு ரொட்டித் தட்டுல ஏறிக்கிட்டான். பல வருசமா மாரடைப்புதான் முன்வரிசை. 2021-ல கோவிட் முந்திக்கிச்சு. 2019 சுகாதார ஆய்வுல பெரியவங்க அஞ்சு பேர்ல ஒருத்தருக்குச் சர்க்கரை. நம்ம இந்தியருங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர். எதுலயும் நமக்கு முதலிடம் கிடைக்கலைன்னு கூட்டம் போட்டுப் புலம்புறீங்களே, இந்தா தங்கப் பதக்கம். கழுத்துல மாட்டிக்கோ, சர்க்கரையில செஞ்சது!

அதே வருசம் அரசாங்கம் இனிப்புத் தண்ணிக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டுச்சு. ஆனா பாட்டில்ல, டின்னுல அடைச்சதுக்குத்தான். மாமாக் ஆத்துற தே தாரிக்குக்கு அந்த வரி கிடையாது. அதான் இந்தக் கடையில இவ்வளவு தேசபக்தர்கள்.

அந்தக் காலத்து வாய்க்காலை அரசாங்கம் தோண்டுச்சு. நாங்க சும்மா படுத்துக் கிடந்தே பிழைச்சோம். உன் வாய்க்கால் நெஞ்சுக்குள்ள அடைக்குது. அங்க எந்த வாட்சனும் மண்வெட்டியோட இறங்க மாட்டான். நீதான் அள்ளணும். அதுவும் வாயைக் கட்டி.

அண்ணே! எனக்கு ஒரு தே தாரிக், கூராங் மானிஸ்! சீனி கம்மியா!

என்னடா முறைக்கிற? அந்த ரெண்டாவது ரொட்டியை இப்படித் தள்ளு. பேரன் வாய்க்கால் அடைச்சிரக் கூடாதுன்னு கிழவன் தியாகம் பண்றேன்.