பெயிண்டைப் பாத்தா வாங்குவ, கண்ணு?

ஏங் கண்ணு, பழைய பிக்கப் வாங்கப் போறியாமே? நல்ல காரியம். ராவெல்லாம் போனைத் தடவி வீடியோ பாத்திருப்ப. புளூடூத் இருக்கா, சீட் கவர் புதுசா, லைட்டு மின்னுதான்னு கேட்டும் வச்சிருப்ப. ராயக்கோட்டைத் தக்காளி பாட்டுக் கேட்டாத்தான் வண்டியில ஏறுமோ?

போச்சம்பள்ளிச் சந்தையில மாடு வாங்கப் போனா நாங்க கொம்புல பூசுன வர்ணத்தையா பாத்தோம்? வாயைப் பொளந்து பல்லைப் பாத்தோம். நடக்கவிட்டுக் காலைப் பாத்தோம். வண்டிக்கும் பல்லு உண்டு. எங்க இருக்குன்னு தெரியணும், அவ்வளவுதான்.

நீ பாத்து வச்சிருக்குறது தோஸ்த். நம்மூர்ப் பிள்ளைதான். 2011-ல அசோக் லேலண்டும் நிசானும் கூட்டுச் சேந்து கொண்டாந்தாங்க. ஓசூர்லயே செஞ்ச வண்டி. ஒண்ணேகால் டன் ஏத்தலாம்னு கம்பெனி சொல்லுச்சு. நம்மாளு கேட்டானா? ஒண்ணேகால்னா இரண்டரைன்னு அவனா அர்த்தம் பண்ணிக்கிட்டான்.

அதனால மொதக் கேள்வி மாடலும் இல்ல, மைலேஜும் இல்ல. இது என்ன சுமந்துச்சு? அதைக் கேளு. பாகலூர்ப் பக்கம் ரோஜாப்பூ சுமந்ததும் கிரானைட் கல்லு சுமந்ததும் ஒரே வயசா இருக்கலாம். முதுகு ஒண்ணா இருக்குமா? "ஒரே ஓனர் சார், வீட்டு உபயோகத்துக்கு வச்சிருந்தாரு"ம்பான் புரோக்கர். வீட்டுக்கு எதுக்குய்யா பிக்கப்பு, மாமியாரை ஊருக்கு அனுப்பவா? நீ பேசாம பின்னாடி போய்க் குனி. கமான் பட்டையில கூடுதலா ஒரு பட்டை சொருகியிருந்தா அது பூ சுமக்கல. சேசிஸ்ல வெல்டிங் தழும்பு இருக்கா, துரு தின்னிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு. கதவு ஓரத்துல சின்னக் காந்தத்தை வை. ஒட்டலைன்னா உள்ள தகடு இல்ல, பட்டிதான்.

மீட்டர் பொய் சொல்லும். பெடல் ரப்பருக்குச் சொல்லத் தெரியாது. மீட்டர்ல அம்பதாயிரம் கிலோமீட்டர், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு மொட்டை. எதை நம்புவ?

காலையில வெள்ளனப் போ. இன்ஜின் ஏற்கெனவே சூடா இருந்தா யாரோ உனக்கு முன்னாடியே அதைப் பழக்கி வச்சிருக்காங்க. டீ குடிச்சுட்டு வாரேன்னு நகந்துடு, ஆறட்டும். ஆறினதும் ரேடியேட்டர் மூடியைத் திற. தண்ணியில எண்ணெய் மினுங்குனா ஹெட் கேஸ்கட்டு போச்சு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. மூணு சிலிண்டர் வண்டி, கொஞ்சம் நடுங்கும், அதுக்குப் பயப்படாத. ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டு. புகை குபுகுபுன்னு வந்தா பேக் கம்ப்ரஷன். ரிங்கு, பிஸ்டன்னு பெரிய செலவு. சைலன்சர்ல கருப்புப் புகை வந்தா ஃபில்டரோ இன்ஜெக்டரோ. நீலமா வந்தா ஆயில் எரியுது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூணாவது கியர்ல கிளட்சை மெல்ல விடு. டபக்குன்னு ஆஃப் ஆனா பிளேட்டு நல்லாருக்கு. உறுமிக்கிட்டே நின்னா தேஞ்சிருக்கு. சமதரையில எந்த வண்டியும் சமத்துதான். மேலுமலை ஏத்தத்துக்குக் கொண்டு போய் ஓட்டிப் பாரு. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பளபளன்னு கருப்புப் பூசிட்டா வயசு குறைஞ்சிருமா?

அடுத்தது காகிதம். அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட கர்நாடகாக்காரன் "ஒள்ளே காடி"ன்னு, அதான் நல்ல வண்டின்னு, கூப்புடுவான், வெலையும் கம்மியா இருக்கும். ஏன் கம்மின்னு யோசிச்சியா? கேஏ நம்பர், கண்ணு. அங்க என்ஓசி வாங்கணும், இங்க வரி கட்டணும், டிஎன் 70-ன்னு நம்பர் மாத்தணும். 12 மாசத்துக்கு மேல வெளி மாநில நம்பர்ல ஓட்ட முடியாது. ஆர்சி-யில ஃபைனான்ஸ் பேரு இருந்தா, அவன் கடன் தீந்துச்சுன்னு எழுதிக் குடுக்காம வண்டி உன்னுது இல்ல. "பெர்மிட்டோட தாரேன்"னு பெரும பேசுவான். மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருக்குற சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்ல. இல்லாத சம்பந்திக்கு எதுக்கு வரவேற்பு? எஃப்சி எப்ப முடியுதுன்னு பாரு. எட்டு வருஷம் தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம் எடுக்கணும்.

இப்பக் கணக்குப் போடு. கிளட்ச், டயர், பட்டை, எஃப்சி, வரி எல்லாத்தையும் கூட்டு. அவன் சொல்ற வெலையில கழி. மிச்சம்தான் வண்டியோட வெல. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

உனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்குக்கு ஒருநாள் கூலி குடுத்துக் கூட்டிப்போ. புரோக்கர் காட்டுற மெக்கானிக் வேணாம். அதுவும் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கூட்டிப்போ, கண்ணு. குடுத்த பொறவு கூட்டிப்போனா அவன் வண்டியைப் பாக்கமாட்டான், உன்னைப் பாத்துத்தான் சிரிப்பான்.