நாலு கிலோமீட்டர் கம்பி

கேள்வி: சுவீடனின் கிரிமெட்டான் நிலையம் 17.2 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் மோர்ஸைக் கேட்க எவ்வளவு நீள ஆன்டெனா வேண்டும்?

பதில்: அலையின் நீளமே 17 கிலோமீட்டருக்கு மேல். கால் அலை போதும் என்று கம்பி கட்டினாலும் நாலு கிலோமீட்டர் தாண்டும். ஊரே துணி காயப்போடலாம். அனுப்புகிறவர்களுக்குத்தான் 127 மீட்டர் கோபுரங்கள் ஆறு தேவைப்பட்டன. கேட்பவருக்கு அந்தத் தலைவலி இல்லை. இந்த அதிர்வெண்ணில் இடிமின்னல் இரைச்சல்தான் ராஜா. கம்பியை நீட்டினால் சிக்னலோடு அதுவும் சேர்ந்தே கொழுக்கும். மரச்சட்டத்தில் செம்புக்கம்பியைப் பல சுற்று சுற்றி, கணினியின் சவுண்ட் கார்டிலேயே பிடித்தவர்கள் உண்டு. இரைச்சல் அடங்கும்வரை சட்டத்தைத் திருப்புங்கள். 1924-இல் ஓடத் தொடங்கிய கிரிமெட்டானின் ஆல்டர்னேட்டர், அதாவது அலையை உண்டாக்கும் சுழல் இயந்திரம், வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு முன்தினம் பேசும். அன்று இரைச்சல் கிளப்பும் எல்இடி விளக்கு, சார்ஜர் எல்லாம் ஓய்வெடுக்கட்டும். கேக்கை இருட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம்.