டர்போ ஒழுகலைச் சரிசெய்வது எப்படி: செலவாளிகளுக்கான கையேடு

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரியை ஏலத்தில் எடுத்துவிட்டீர்கள். வாழ்த்துகள். வெறும் வண்டியே ஏறத்தாழ 6 டன். இனி அது உங்கள் வாசலில் நின்றபடி ஆயில் சொட்டும். சொட்டு விழுவது டர்போவுக்கு அடியில் என்றால், கீழே உள்ளபடி செய்யவும்.

முதல் வேலை, புது டர்போவுக்கு ஆர்டர் கொடுப்பது. ஆயில் எங்கிருந்து வருகிறது என்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகு. எஞ்சினைக் கழுவித் துடைத்து, சூடேறும்வரை ஓடவிட்டு, ஈரம் முதலில் எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கும் கஞ்சர்கள் உண்டு. அவர்களிடம் வால்வு மூடியின் கேஸ்கெட்டோ, டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாயின் தளர்ந்த நட்டோ சிக்கிக்கொள்ளும். ஒரு ஸ்பேனரோடு கதை முடிந்துவிடும். இதற்கா ராணுவ லாரி வாங்கினோம்?

அடுத்து, 'சீல் போச்சு' என்று தீர்ப்புச் சொல்லுங்கள். கேட்பவர் தலையாட்டுவார். உண்மையில் டர்போவுக்குள் இருப்பது நீங்கள் நினைக்கும் ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற சிறிய இரும்பு வளையம். இரு பக்கமும் காற்றழுத்தம் ஒழுங்காக இருந்தால்தான் அது ஆயிலைத் தடுக்கும். பேரிங்கை நனைத்த ஆயில் நுரைத்துப்போய், தன் எடையால் மட்டுமே கீழே இறங்கவேண்டும். அதை இழுக்கப் பம்ப் கிடையாது. அதனால்தான் வரும் குழாய் மெலிதாகவும் போகும் குழாய் தடித்தும் இருக்கின்றன. அந்த வடிகுழாயின் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி மடங்கியிருந்தாலும், தேய்ந்த பிஸ்டன்களைத் தாண்டி வரும் வாயு கிராங்க் கேஸில் அழுத்தத்தை ஏற்றினாலும், ஆயில் இறங்க வழியின்றி வளையத்தைத் தாண்டும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கம்ப்ரசர் பக்கம் அதை உறிஞ்சியே எடுத்துவிடும். சாக்கடை அடைத்ததற்குக் குழாயடியை இடித்துக் கட்டும் நகராட்சி வேலைதான், இந்த நிலையில் டர்போ மாற்றுவது.

மூன்றாவது, வண்டியை மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடுங்கள். இந்த லாரிகளில் வந்த ஒருவகை டர்போவுக்கு 'விசிலர்' என்றே பட்டப்பெயர். அந்தச் சத்தத்துக்காகவே வண்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரும் கேட்கட்டுமே. ஐட்லிங்கில் கம்ப்ரசர் பக்கம் அழுத்தம் இருக்காது, ஆயில் தாராளமாக எட்டிப்பார்க்கும். பளு ஏற்றி ஓட்டினால் பல ஒழுகல்கள் தாமாகவே குறையும் என்பதை யாரிடமும் சொல்லவேண்டாம். (ஒன்று சொல்லவேண்டும்: இந்த 7.8 லிட்டர் எஞ்சினுக்கு டர்போ வைத்ததே முக்கியமாகக் கரும்புகையைக் குறைக்கத்தான். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் என எது கிடைத்தாலும் குடிக்கும் எஞ்சின் அது. உள்ளே எரியும் முறை ஜெர்மனியின் மான் நிறுவனத்துடையது. நம் ஜபல்பூர் சக்திமான் லாரிக்கு உரிமம் தந்த அதே நிறுவனம்.)

டிப்ஸ்டிக்கைத் தொடவே தொடாதீர்கள். தொட்டால் மட்டம் ஏறியிருப்பது தெரியும். முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். பம்பிலிருந்து எரிபொருள் உள்ளே இறங்கி ஆயில் தண்ணீராகிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரான ஆயில் எல்லா இடத்திலும்தான் ஒழுகும்.

இனி விளையாட்டில்லாத ஒரு விஷயம். டர்போவின் ஷாஃப்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் லேசான ஆட்டம் தெரியும். பேரிங் ஆயிலில் மிதப்பதால் அது சகஜம். முன்னும் பின்னும் இழுத்தால் ஆடுகிறதா, சக்கரம் கூட்டில் உரசுகிறதா? அப்போது டர்போ போய்விட்டது, வண்டியை எடுக்காதீர்கள். அந்த நிலையில் ஆயில் காற்றுக்குழாய்க்குள் கொட்டினால் எஞ்சின் அதையே குடித்துத் தறிகெட்டு ஓடும். டேஷ்போர்டில் உள்ள ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது; அது அடைப்பது எரிபொருளை மட்டும். காற்றுவழியைத் தடித்த பலகையால் மூடினால்தான் அடங்கும். கையையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது.

மீண்டும் நம் வழிக்கு வருவோம். டர்போவைக் கழற்றும்போது துருப்பிடித்த ஸ்டட்களுக்கு முந்தின நாளே எண்ணெய் விடாமல் ஒரே மூச்சில் திருகுங்கள், இரண்டாவது ஒடியும். பூட்டும்போது வடிகுழாய் முகப்பில் சிலிகான் பசையை அள்ளிப் பூசுங்கள், பிதுங்குவது உள்ளே போய்த் துளையை அடைக்கட்டும். ஆயில் வரும் குழாயின் மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றுங்கள். நார் கிழிந்து பேரிங்கின் வாய்க்குள் போகும். பழைய ஹோஸையே திரும்ப மாட்டுங்கள். புது டர்போவும் அடுத்த வாரமே ஒழுகும், இன்னொன்று வாங்கலாம்.

இன்னொன்று வாங்க மனமில்லாதவர்கள், டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றி, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றவும். ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகுதான் கேபிளை விடவேண்டும்.