அடி உதவும் விதம்: ட்யூப் டி.வி.யின் தலையில் தட்டுதல் குறித்த ஓர் ஆய்வு

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள்" என்ற பழமொழிக்கு இதுவரை சொல்லப்பட்ட பொருளெல்லாம் பிழை என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அது பிள்ளை வளர்ப்பைப் பற்றியது என்பார் ஒரு சாரார். காவல் நிலையத்தைப் பற்றியது என்பார் இன்னொரு சாரார். இரண்டும் பொருந்தா. அடித்த கையோடு பலன் தந்த ஒரே பொருள் நம் வீடுகளில் ட்யூப் டி.வி. மட்டுமே. படம் போனதும் அண்ணன் மொட்டை மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்புவான். தம்பி ஜன்னலோரம் நின்று, "இல்ல, இல்ல, முன்னாடி இருந்ததே தேவல" என்று கத்துவான். ஒன்றும் ஆகாது. அப்பா எழுந்து வந்து பெட்டியின் தலையில் ஒன்று வைப்பார், படம் வந்துவிடும். ஆகவே பழமொழி டி.வி.யைக் குறித்ததே. டி.வி. வரும் முன்பே பழமொழி இருந்ததே எனின், அது எதிரது போற்றல் என்னும் உத்தி என்க.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982இல் நாட்டுக்குக் கலர் வந்தது. 2006இல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு 14 அங்குலக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. இத்தனை காலம் இத்தனை கைகள் தட்டியும், தட்டுதலுக்கென்று ஓர் இலக்கணம் எழுதப்படவில்லை. எறும்புக்குக்கூட ஆராய்ச்சி உண்டு.

முதலில், தட்டும் உரிமை. அது சொத்துரிமை போல இறங்கும்: அப்பா, அவர் இல்லாதபோது பெரியண்ணன், இருவரும் இல்லாதபோது அம்மா. மாப்பிள்ளைக்கு முதல் ஆண்டில் உரிமை கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒளியும் ஒலியும் பார்க்க வந்தவர்கள் தரையில் உட்காரலாம், கருத்துச் சொல்லலாம், தட்டக் கூடாது. மீறித் தட்டிய ஒருவரிடம் என் பாட்டி, "உங்க வீட்டுப் பொட்டின்னா இப்படி அடிப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் வீட்டில் பெட்டி இல்லை என்பது தெரிந்தே கேட்டாள்.

அடியின் வேகத்தை அளக்க ஒரு கருவி அப்போதே இருந்தது, ஆய்வுலகம்தான் கவனிக்கவில்லை. டி.வி.யின் மேல் பூவேலை செய்த பின்னல் துணி, அதன் மேல் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. மெல்லத் தட்டினால் பொம்மை "சரி, சரி" என்று தலையசைக்கும். ஓங்கிக் கொடுத்தால் கழுத்து, இடுப்பு, பாவாடை மூன்றும் மூன்று திசையில் ஆடும். பொம்மை கீழே விழுந்தால் அதற்கு மேல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்று பொருள்.

இனிக் களஆய்வு. பழைய டி.வி.க்களைச் சரிசெய்வது என் பொழுதுபோக்கு. என் மனைவி அதற்கு வேறு பெயர் சொல்வாள். சென்ற மாதம் மேசைக்கு வந்தது பெரியம்மா வீட்டு 20 அங்குலப் பெட்டி. நோய்: திரையின் நடுவே குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. நம் ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். எலெக்ட்ரான் கற்றையைப் பக்கவாட்டில் இழுப்பது ஒரு சர்க்யூட், மேலும் கீழும் இழுப்பது வேறொன்று. இரண்டாவது நின்றுபோனால் அத்தனை கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். கதாநாயகனும் வில்லனும் அந்த ஒரே கோட்டுக்குள் நசுங்கிக் கிடப்பார்கள். வசனம் மட்டும் சுத்தமாகக் கேட்கும். பிரைட்னஸைக் குறைக்காமல் நெடுநேரம் அப்படியே விட்டால் திரையில் அந்த இடம் தழும்பாகிவிடும்.

பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். "பெரியம்மா, எந்தப் பக்கம் தட்டுவீங்க?"

"வலது பக்கம், பின்னாடி, கொஞ்சம் கீழ. உங்க பெரியப்பா தட்டினா ஒரே தட்டு. நான்னா மூணு."

எந்தச் சர்வீஸ் புத்தகத்திலும் கிடைக்காத தகவல் இது. முன்னால் நின்று சொன்ன வலது, பின்மூடியைக் கழற்றினால் இடது என்பதை மறந்து அரை மணி நேரத்தை வீணடித்தேன் என்பதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

பின்மூடிக்குள் கை விடுமுன் செய்யும் சடங்கு ஒன்று உண்டு. கலர் பிக்சர் ட்யூபுக்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்ணாடியே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ட்யூபின் முதுகில் ஓடும் வெற்றுக் கம்பிப் பின்னலோடு ஒயரால் இணைத்த ஸ்க்ரூ டிரைவரை, ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைக்க வேண்டும். மற்றொரு கை முதுகுக்குப் பின்னால். "டிக்" என்று ஒரு சத்தம். சில நிமிடம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். கொடுத்ததில் கொஞ்சம் திரும்ப ஊறிவிடும்.

போர்டைத் திருப்பி லென்ஸை வைத்தேன். பெரியப்பா தட்டிய மூலைக்கு நேரே, கற்றையை மேலும் கீழும் இழுக்கும் வெர்ட்டிகல் ஐ.சி. அதன் காலைச் சுற்றிய ஈயத்தில், நிலாவைச் சுற்றி ஊர்கோள் கட்டினாற்போல் மயிரிழை வட்டம். மெக்கானிக்குகள் இதை 'ட்ரை சால்டர்' என்பார்கள். ஐ.சி. வேலை செய்யும்போது சுடும், அணைத்தால் ஆறும். சூட்டில் செம்பு ஒரு அளவு விரியும், ஈயம் வேறொரு அளவு. தினம் விரிந்து சுருங்கி, ஆண்டுக்கணக்கில் அந்த இடம் பிளந்துவிடும். தட்டினால் கால் ஒரு நொடி ஈயத்தைத் தொடும், படம் வரும். வால்வு வைத்த பழைய கருப்பு வெள்ளைப் பெட்டிகளில் நியாயம் வேறு: அங்கே சாக்கெட்டில் களிம்பேறிய கால்கள் அசைந்து கொடுத்தன.

உலோகத்தை உலோகத்தோடு ஒட்டவைப்பதைத் தட்டார்கள் பற்றாசு என்பார்கள். யாப்பு படித்தவர்களுக்கு ஆசிடை நேரிசை வெண்பா தெரியும்; முதல் குறளும் தனிச்சொல்லும் ஒட்டாமல் நிற்கும்போது, இடையில் ஓரிரு அசைகளை ஆசாக வைத்து இணைப்பது. என் முடிபு: பெரியம்மாவின் டி.வி. ஆசு விட்ட வெண்பா. பெரியப்பா செய்தது, தளை தட்டிய இடத்தைக் கையால் தட்டி ஓசை வரவழைத்தது.

மெக்கானிக்கும் தட்டத்தான் செய்கிறார். உள்ளங்கையால் அல்ல, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால், போர்டில் அங்குலம் அங்குலமாக. அவர் இடத்தைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடுவார், நாம் மறுநாளும் தட்டுவோம். ஒவ்வொரு தட்டும் பிளவை இன்னும் கொஞ்சம் அகலமாக்கும். ஒரு தட்டு மூன்றானது பெரியம்மாவின் கை வலிமைக் குறைவால் என்று குடும்பத்தில் நம்பிக்கை. என் கணக்கில் அது பெரியப்பாவின் முந்தைய உழைப்பின் பயன்.

இன்னொரு குற்றவாளி அந்தப் பின்னல் துணி. பெட்டியின் தலையில் வரிசையாகத் துளைகள் இருப்பது சூடு வெளியேற. அதை மூடி, அதன் மேல் பொம்மையை வைத்து, மொத்தத்தையும் கதவு வைத்த மரப் பெட்டிக்குள் அடைத்தால் ஈயம் எவ்வளவுதான் தாங்கும்?

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டு ஆன் செய்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். இது ஒரு தடவை பளிச்சிட்டு மங்கியது. கோடு விரிந்து படமானது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் ட்யூப் டி.வி. இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன், வீட்டுப் பெரியவர்களிடம் எந்த இடத்தில் தட்டினார்கள் என்று கேட்டு, அங்கே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வையுங்கள். முன்னால் நின்று பார்த்த வலமா, பின்னால் நின்று பார்த்த வலமா என்பதையும் எழுதுங்கள்.