பிடுங்கு மருமகனே, நல்லாப் பிடுங்கு

டெரோல்டெகோ திராட்சைக் கொடியைப் பிடுங்கிட்டு பினோ கிரிஜோ நடப் போறியாமே மருமகனே? நல்ல யோசனை. மிலான் கடைக்காரன் வாயில டெரோல்டெகோ நுழைய மாட்டேங்குதாம். அவன் நாக்குக்குத் தக்கபடி நாமதான் நிலத்தை மாத்திக்கணும்.

நம்ம ரொட்டாலியானோ சமவெளியில அப்படி என்ன இருக்கு? நோச்சே ஆறு உருட்டிக் கொண்டாந்து கொட்டின கூழாங்கல்லு, மேல கொஞ்சம் வண்டல். முதுகுப் பக்கம் செங்குத்துப் பாறை. பகல்ல வாங்கின வெயிலை ராத்திரி திருப்பிக் கொடுக்கும். மத்தியானமானா கார்தா ஏரியிலிருந்து ஓரா காத்து. இத்தனையும் இந்தக் கொடிக்குத் தோதாப் போச்சுன்னு 1971ல டிஓசின்னு பிறந்த ஊர் முத்திரை வேற குத்திட்டாங்க. வேலையத்தவங்க!

குடும்பப் பெருமை பேசினா உனக்குப் பிடிக்காது. இருந்தாலும் கேளு. 2006ல மரபணு பார்த்தவங்க, பிரான்சுல இருக்கிற துரேசா ரகமும் இதுவும் கூடப்பிறந்ததுங்கன்னு சொல்லிட்டாங்க. சிராவுக்கு அப்பன் அந்த துரேசாதான். அப்ப உலகமே கொண்டாடுற சிராவுக்கு நம்மாளு என்ன முறை? பெரியப்பனோ சித்தப்பனோ, வயசைப் பார்த்து நீயே வெச்சுக்க. பொல்சானோக்காரன் தூக்கிப் பிடிக்கிற லாக்ரைன் இதுக்குப் பிறந்த பிள்ளை. இன்னொரு கூத்தும் உண்டு. சான் மிக்கேலேயில ரெபோ ரிகோத்திங்கிற ஆராய்ச்சிக்காரர் 1948ல மெர்லோவையும் மார்ட்செமினோவையும் சேர்த்து ஒரு ரகம் உண்டாக்கினதா எழுதி வெச்சார். அதுக்கு அவர் பேரே நிலைச்சுது. பின்னால சோதிச்சா, மார்ட்செமினோவைக் காணோம். அந்த இடத்துல டெரோல்டெகோ! கமுக்கமான ஆளுய்யா இது.

குறை இல்லாமலா? நிறம் மசியிருட்டு, புளிப்புத் தூக்கல், துவர்ப்புக் கம்மி. பந்தல்ல ஏத்தி விட்டா காய்ச்சுத் தள்ளும். எடைக்குத்தானே காசுன்னு நாம கவாத்துல கையைச் சுருக்கிக்கிட்டோம். ஒயின் தண்ணியா வந்ததும் பழியைக் கொடி மேல போட்டோம். ஒயின் பண்ற எலிசபெத்தா ஃபொராடோரி அம்மா 1980கள்ல பழைய தோட்டங்கள்ல நல்ல கொடியாத் தேடி, குச்சி வெட்டி நட்டு, விளைச்சலைக் குறைச்சாங்க. அப்புறம் அந்த டிஓசி முத்திரையே வேணாம்னு ஒதுக்கிட்டாங்க. இப்ப அவங்க பாட்டில் விலையை மட்டும் விசாரிச்சிடாதே, பாவம், ராத்திரி தூக்கம் வராது.

பிடுங்கு, நான் தடுக்கலை. வடக்குப் பக்கம் நாலு வரிசையை மட்டும் விட்டு வை. குச்சி தர்றேன்னு மெட்சோகொரோனாக்காரன் ஒருத்தன்கிட்ட முன்பணம் வாங்கிட்டேன்.