பங்லிமா காராங்கும் லண்டன் குப்பியும்

எங்கள் ஊர் தெலுக் பங்லிமா காராங்கின் பெயரைத் தமிழில் சொன்னால் 'சீறும் தளபதியின் குடா' என்று வரும். நோய்க் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளுக்கும் இந்தப் பட்டத்தைக் கொடுக்கலாம். அதுவும் ஒரு பங்லிமா காராங்தான்: பேர் கேட்காது, ஐசி பார்க்காது. தேடுகிற ஆளின் மூக்கு எவன் முகத்தில் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

1916-ல், முதல் உலகப் போரின் நடுவே, வைல், ஃபெலிக்ஸ் என்ற இருவர் டைபஸ் நோயாளியின் சிறுநீரில் புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். டைபஸ்காரர்களின் ரத்தநீரை (எதிர்ப்பொருள் இருப்பது அதில்தான்) ஊற்றினால் அது கட்டிகட்டியாகத் திரண்டது. புரோட்டியஸோ டைபஸுக்கு உறவுமில்லை, பங்காளியுமில்லை. அதன் மேல்தோல் சர்க்கரை டைபஸ் கிருமியுடையதைப் போல இருந்தது, அவ்வளவுதான். திருவிழாவில் செருப்புத் திருடனைத் தேடிய போலீஸ், அதே நிறச் சட்டை போட்டுப் புளிசாதத்துக்கு நின்றவனைப் பிடித்த கதை. ஆனால் சட்டைக்காரன் சிக்கினால் திருடன் வந்து போயிருக்கிறான் என்று அர்த்தம். அதையே பரிசோதனை ஆக்கிவிட்டார்கள்.

இனி கோலாலம்பூர். 1900-ல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில் டாக்டர் கிங்ஸ்பரி என்றொருவர். லண்டனிலிருந்து அவர் கொண்டுவந்த குப்பியில், வைலும் ஃபெலிக்ஸும் கண்ட ரகத்தின் பெயரான 'எக்ஸ்19' என்று லேபிள். உள்ளே இருந்ததோ வேறு ரகப் புரோட்டியஸ். மாமியார் அனுப்பிய ஊறுகாய் ஜாடியில் மாங்காய்க்குப் பதில் நார்த்தங்காய்!

ஃப்ளெட்சரும் லெஸ்லரும்தான் இந்தக் குழப்பத்தைப் பிரித்தவர்கள். (ஃப்ளெட்சரை நாம் மறக்கக்கூடாது. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பாதிப் பேருக்குப் பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கலரிசி போட்டு, பெரிபெரி பச்சரிசிப் பந்தியில்தான் வருகிறது என்று காட்டி நம் புழுங்கலரிசியின் மானத்தைக் காத்த துரை அவர்.) காய்ச்சல் கண்ட பட்டணத்துக் கடைக்காரர்களின் ரத்தநீர் வார்சாவிலிருந்து வந்த அசல் எக்ஸ்19-ஐத் திரட்டியது. தோட்டத்து ஆட்களின் ரத்தநீர் அதைச் சீண்டவே இல்லை, கிங்ஸ்பரியின் போலிச் சரக்கைத்தான் கட்டிப்பிடித்தது. ஒரே காய்ச்சல் என்று எழுதி வைத்திருந்தது இரண்டாகிவிட்டது!

இரண்டாவதுதான் உண்ணிக் காய்ச்சல். லாலாங் புல்லிலும் புதுச் செம்பனைக் காட்டிலும் எலிமேல் சவாரி செய்யும் பொடி உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. விடியற்காலைப் பெரட்டுக்கு நின்று, தண்டல் கைகாட்டிய நிரையில் புல் வெட்டப் போனவர்களை அது கடித்தது. பங்களா வராந்தாவில் சாய்ந்திருந்த துரைக்கு அந்தப் பாக்கியம் அதிகம் கிட்டவில்லை.

1948-ல் அமெரிக்கர் ஸ்மேடல் கோலாலம்பூருக்கே வந்து குளோரம்பெனிக்கால் மருந்து கொடுத்துப் பார்த்தார், காய்ச்சல் அடங்கியது. சோதனை மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது: ஓஎக்ஸ்கே. அந்தக் 'கே' கிங்ஸ்பரியின் 'கே'. தப்பான குப்பியைச் சுமந்து வந்தவருக்கு ஓர் எழுத்து. கை நீட்டி ரத்தம் கொடுத்த தோட்டத்து ஆளுக்கு, அன்று அரைநாள் சம்பளமாவது பிடிக்காமல் விட்டார்களா?