ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்

சிங்கப்பூரில் எங்கள் அறையில் இருப்பவர்கள் எல்லோருமே காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். மன்னார்குடி ஒருவர், ஒரத்தநாடு ஒருவர், பட்டுக்கோட்டை இருவர், பூதலூர் நான். எல்லோருக்கும் பொதுச்சொத்து இரண்டு: ஒரு குக்கர், ஒரு வாக்கியம். குக்கராவது மூன்று விசிலோடு ஓயும். வாக்கியம் ஓயாது: “ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்.”

பல் வலியா? ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம். மெத்தை நடுவில் பள்ளமாகி, படுத்தவனைத் தூக்கிவிட ஆள் வேண்டியிருக்கிறதா? இன்னும் கொஞ்ச நாள்தானே! அந்தக் கொஞ்ச நாள், பெர்மிட் புதுப்பிக்கும்போதெல்லாம் தானும் புதுப்பித்துக்கொள்ளும்.

பட்டுக்கோட்டை அண்ணன் முஸ்தபா கடையில் நல்ல சட்டையாகப் பார்த்து வாங்குவார். போட மாட்டார். கோடாலித் தைலத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டுவார். எல்லாம் ஊரில் போட்டுக்கொள்ளத்தான். லீவு தள்ளிப்போகும், அண்ணன் வளர்வார், சட்டை வளராது. கடைசியில் அது மச்சினனுக்குப் போகும்.

சிங்கப்பூர், நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எங்கள் அறைச் சுவர்க் கடிகாரத்தில் மட்டும் எப்போதும் ஊர் மணிதான். புதிதாக வந்த பையன் ஒருவன் அதை நம்பி, வேலைக்குப் போகும் லாரியைக் கோட்டை விட்டான். அதற்குப் பிறகும் யாரும் கடிகாரத்தைத் திருத்தவில்லை. பையனைத்தான் திருத்தினோம்.

இதற்கிடையே பூதலூரில் வீடு கட்டினேன். வழவழவென்று டைல்ஸ், படுக்கையறையில் ஏ.சி. “நீ வந்து இருக்கப்போற வீடு, அதுக்குள்ள நாங்க எதுக்கு அழுக்காக்கணும்?” என்று அப்பா பழைய வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொள்கிறார். ஏ.சி. அறையில் இப்போது விதைநெல் மூட்டைகள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை.

இந்தக் காத்திருக்கும் வியாதி சிங்கப்பூரில் ஒட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். பரம்பரையாக வருவது. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. கல்லணைக் கால்வாயும், அதாவது எங்கள் புது ஆறும், அப்போதுதான் வந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கல்லணையைத் தொட்டுவிடும். திறந்தால்! அதனால் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும், “தண்ணி வரட்டும், பாப்போம்” என்பதுதான் பதில். எனக்குப் புது சைக்கிள் கேட்டபோதும் அதே பதில்தான். சைக்கிளுக்கும் காவிரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அப்போது தைரியம் வரவில்லை.

2022-இல் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். அப்பா போனில் பதறினார். காத்திருந்தே பழகியவருக்குத் தண்ணீர் சீக்கிரம் வருவதும் ஒரு இடைஞ்சல். 2024-இல் நேர்மாறு. ஜூலை 28 வரை இழுத்துவிட்டது. ஆற்றை நம்பியவர்களுக்குக் குறுவை போயிற்று. பம்புசெட் வைத்திருந்தவர்கள் மேட்டூர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நட்டார்கள்.

அடுத்த லீவில் அப்பாவிடம் கேட்டேன்: “ஏம்ப்பா, தண்ணி வராத அந்த ஒன்றரை மாசமும் சும்மாவா இருந்தீங்க?”

“சும்மா இருக்க நான் என்ன சிங்கப்பூர்லயா இருக்கேன்?”

உழவு ஓட்டிப் போட்டாராம். வரப்பை வெட்டிச் சரிசெய்தாராம். வாய்க்காலில் மண்டிய கோரையைப் பிடுங்கினாராம். சித்தப்பா மகள் கல்யாணத்தை மூன்று நாள் முன்னின்று நடத்தினாராம். தஞ்சாவூர் போய்ப் பல்லும் கட்டிக்கொண்டாராம். சிரித்துக் காட்டினார். என்னால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை, கடைவாய் வலித்தது.

ஊரும் எனக்காக நின்றுகொண்டிருக்கவில்லை. நான் நிறுத்திவிட்டு வந்த டி.வி.எஸ். 50-இல் ஓட்டிப் பழகிய சித்தப்பா பையனுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அதில் மூத்தது, எங்கள் வீட்டு வாசலில் நின்ற என்னிடமே, “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டது. சரியான கேள்விதான்.

வயலுக்குப் போனோம். மூலையில், பிடுங்காமல் விட்ட நாற்று கொஞ்சம் செழிப்பாக நின்றது. “நல்லாத்தானே இருக்கு?” என்றேன். அப்பா சொன்னார்: “பச்சையாத்தான் இருக்கும், வளரவும் செய்யும். ஆனா நாள் கடந்த நாத்து தம்பி. இனிமே பிடுங்கி நட்டாலும் தூர் கட்டாது.” நாற்றைத்தான் சொன்னார். சொல்லும்போது ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

திரும்பி வந்ததும் புது மெத்தை வாங்கினேன். “இனிமே ஊருக்குப் போகப் போறதில்ல போலிருக்கே?” என்று அறையில் துக்கம் விசாரித்தார்கள். போவேன், கட்டாயம் போவேன். அதுவரை முதுகு இங்கேதானே இருக்கிறது?

கடல் கடந்து போயிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். காத்திருங்கள், தப்பில்லை. ஆனால் காத்திருக்கும் நாளும் ஆயுள் கணக்கில்தான் கழிகிறது. ஊர் போய் இறங்கியதும் அதைத் திருப்பித் தர எந்தக் கவுன்ட்டரும் கிடையாது. திருச்சியில் 2024-இல் திறந்த புது விமான முனையத்தில்கூட விசாரித்துவிட்டேன். இல்லையாம்.